புன்னைத்துறையில் நின்ற அலை

இதை எங்கே ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் வரும் என்று பிலோமினாவுக்குப் பயம். ஊர்த் தலைவர் கஸ்பாரிடம் அலையிலிருந்து ஆரம்பித்தாள், அவர் அலையைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. தாசில்தாரிடம் மாங்காய்க் கூடையிலிருந்து ஆரம்பித்தாள், மாங்காய் விற்க லைசென்ஸ் இருக்கிறதா என்று அவர் கேட்டார். பாவமன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு நாற்காலியிலிருந்து ஆரம்பித்தாள், அவர் தூங்கிவிட்டார். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் அவள். ஒரு சொல் முன்னே பின்னே போனால் ஊர் முழுக்கத் தன் தலையில் விழும் என்று இன்றைக்கும் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறாள். ஆகவே நடந்தது நடந்த வரிசையிலேயே இங்கே சொல்லப்படுகிறது: முதலில் போன், அப்புறம் கூடை, அப்புறம் அலை. நாற்காலி கடைசியில்தான் வரும்.

புன்னைத்துறைக்கு மாதா கோயிலையும் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புப் பாறையையும் பார்க்க வெளியூர் ஆட்கள் வருவார்கள். அவர்களைப் பாறை முன்னால் நிறுத்திப் படமெடுத்து, பத்து நிமிஷத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுக்க ஆரஞ்சு சட்டை மாட்டிய போட்டோகிராபர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். பத்துப் பேர் ஆண்கள், பதினோராவது ஆள் பிலோமினா. அவள் புருஷன் சகாயராஜுக்குக் கண்ணில் புரை விழுந்து, ஒரு கல்யாண ஆல்பம் முழுக்க மணப்பெண்ணை விட்டுவிட்டு மணப்பெண்ணின் தங்கச்சியையே எடுத்து வைத்த பிறகு, கேமரா அவர் கழுத்திலிருந்து இறங்கி இவள் கழுத்தில் ஏறியது.

அந்தக் கடற்கரையில் படமெடுக்கிறவர்கள் இரண்டு வாக்கியம் சொல்வார்கள். எடுப்பதற்கு முன்னால், "அப்படியே நில்லுங்க, ஆடக் கூடாது." எடுத்த பின்னால், "ஆச்சு, போகலாம்." முதலாவதைச் சொல்லிவிட்டால் இரண்டாவதைச் சொல்லாமல் விடக் கூடாது. சொல்கிறவரைக்கும் எப்பேர்ப்பட்ட ஆளும் அசைய மாட்டான். ஒருதரம் கேமரா மக்கர் செய்தபோது ஒரு இன்ஸ்பெக்டர் தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்தபடி நாலு நிமிஷம் மூச்சில்லாமல் நின்றார்.

போன் வந்தது ஒரு புதன்கிழமை. பேசியவன் கோயம்புத்தூர்ப் பையன், பெயர் தருண்.

"அக்கா, வெள்ளிக்கிழமை நானும் கீர்த்தனாவும் உங்க ஊருக்கு வர்றோம். அவளுக்குத் தெரியாம, பாறைகிட்ட மோதிரத்த நீட்டி, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கப் போறேன். அந்த நேரம் அவ முகத்த எடுக்கணும். போட்டோகிராபர் ஒருத்தர் நிக்கிறதே அவளுக்குத் தெரியக் கூடாதுங்க்கா."

"வீட்டுல பேசாமயா தம்பி?"

"வீட்டுல எல்லாம் பேசியாச்சுங்க்கா. எங்க வீடு, அவங்க வீடு, ரெண்டு பக்கமும் சம்மதம். மண்டபம்கூடப் பாத்தாச்சு. அவகிட்டதான் இன்னும் கேக்கல."

பிலோமினா போனை அந்தக் காதிலிருந்து இந்தக் காதுக்கு மாற்றினாள்.

"மத்தவங்க எல்லாம் கலர் சட்டையப் போட்டுட்டுக் கத்தறாங்க. நீங்கன்னா யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு லாட்ஜுல சொன்னாங்க."

"அதுக்கு நான் தனியா வேஷம் கட்ட வேண்டாம் தம்பி" என்றாள்.

ஆனாலும் கட்டினாள். அண்ணி முறையான செலின் மைனியிடம் மாங்காய்க் கூடையை இரவல் வாங்கி, கீறிய மாங்காய்க்குக் கீழே துணியைச் சுற்றிக் கேமராவை வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன், அதுதான் அடையாளம் என்று அவன் சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு இருவரும் வந்தார்கள், அந்தப் பெண் நேராக இவளிடமே வந்து, "மாங்கா குடுங்கக்கா, காரம் தூக்கலா" என்றாள். பிலோமினாவுக்கு உயிர் போய்த் திரும்பியது. கூடையை ஆட்டாமல் மேலாக ஒரு துண்டை எடுத்து உப்பும் தூளும் தடவிக் கொடுத்தாள். பெண் கடித்து, கண்ணில் நீர் முட்ட, "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாறைக்குப் பக்கத்தில் தருண் கண்ணாடியைத் துடைத்தான். ஒரு முழங்காலை மணலில் ஊன்றினான். தூரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தன், "என்னவே, கோயில்ல போட வேண்டிய முழங்கால இங்க போடுதான்?" என்றான். பிலோமினா கூடைத் துணிக்குள்ளிருந்து லென்ஸை நீட்டினாள். லென்ஸுக்குள் கீர்த்தனாவின் முகம் வந்தது. அவள் மோதிரத்தைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை, அவன் தலைக்கு மேலே, பஸ் போகிற ரோட்டைப் பார்த்தாள். இந்த முகத்தை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்று பிலோமினா நினைத்த அதே நொடி, பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஓர் அலை இரண்டாள் உயரத்துக்கு எழுந்தது. படத்துக்கு அது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியதில், பதினான்கு வருஷப் பழக்கத்தில், அவள் வாய் தானாக முணுமுணுத்தது: "அப்படியே நில்லு."

பட்டனை அழுத்தினாள். அலை நின்றது.

பாறையிலிருந்து படகுத்துறை வரைக்கும் நாற்பதடி அகலத்துக்கு, மேல் விளிம்பு முன்னால் வளைந்து, நுரை முத்துமுத்தாக அந்தரத்தில் தொங்க, அது நின்றது. உள்ளே சாளை மீன்கள் தம் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. பின்னால் வந்த அலைகள் அதைக் கண்டு, நடுரோட்டில் படுத்த மாட்டைச் சுற்றிப் பஸ் போவதுபோல, இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கரைக்கு வந்தன. "நான்..." என்று வாயெடுத்த கீர்த்தனா திரும்பிப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். பிலோமினா கூடையைத் தூக்கிக்கொண்டு, ஒளிந்திருந்து எடுக்கிறவள் ஒரு சொல்லும் பேசக் கூடாது என்பதால் பேசாமலேயே வீட்டுக்கு ஓடினாள்.

ஊர் வந்து பார்த்தது. சிலுவை போட்டுக்கொண்டது. பிறகு டீ குடிக்கப் போனது. கடல் செய்யாத எதையும் இது செய்துவிடவில்லை, எப்போதும் வருகிறது, இன்றைக்கு வந்து நிற்கிறது, அவ்வளவுதானே என்று கஸ்பார் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் படகுகள் வடக்கே சுற்றிக் கரையேறப் பழகின. அலைக்கு இந்தப் பக்கம் விழுந்த பச்சை நிழலில் கருவாடு காயப்போட்டால் ஈ மொய்ப்பதில்லை என்று செலின் கண்டுபிடித்தாள். டீக்கடைக்காரர் பெஞ்சை நிழலுக்கு மாற்றினார். பிள்ளைகள் அலைக்குள் தோள் வரைக்கும் கைவிட்டுச் சாளையைப் பிடித்தார்கள். அதில் சண்டை வந்து, கீழத்தெரு காலையில், மேலத்தெரு மாலையில் என்று முறை வைக்கப்பட்டது. கிராம நிர்வாக அலுவலர் வந்து, அலை நிற்கிற இடம் கடலா புறம்போக்கா, எந்தச் சர்வே எண்ணில் வருகிறது என்று இரண்டு நாள் திணறினார். தாசில்தார் டேப் வைத்து அளந்தார். "அலையின் மீது சாய்ந்து நிற்காதீர்" என்று ஒரு போர்டு வந்தது, அந்தப் போர்டின் மீது எல்லோரும் சாய்ந்து நின்றார்கள். அலையைப் பார்க்க பஸ் பஸ்ஸாக ஆள் வந்து, பதினொரு போட்டோகிராபர்களுக்கும் மத்தியானம் சாப்பிட நேரமில்லாமல் போனது.

அலை ஏன் நின்றது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. பையன் கேள்வி கேட்டான், பெண் பதில் சொல்லவில்லை, கடல் பதிலுக்குக் காத்திருக்கிறது. ஆகவே பெண்ணைக் கன்னியர் மடத்து விருந்தினர் அறையிலும் பையனை லாட்ஜிலும் வைத்து ஊரே கவனித்துக்கொண்டது. அவர்கள் கிளம்பப் பார்த்தபோது ஊர் எல்லையில் நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். போகாதே என்று அவர்கள் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள், ஒவ்வொரு வேளையும்.

முதல் நாலு நாள், "அவசரமில்ல தாயி, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார்கள் வியாபாரம் நடந்தவர்கள். ஐந்தாம் நாள் கஸ்பார் ஒரு மூங்கிலை நட்டுப் பார்த்ததில், அலை தினமும் ஒரு சாண் வளர்வது தெரிந்தது. அதற்கப்புறம் மடத்து வாசலில் கூட்டம் குறையவே இல்லை.

"சரின்னு ஒரு சொல்லு, எங்க வீடெல்லாம் முன்வரிசைல இருக்கு."

"பையனுக்கு என்ன குறைச்சல்? மூக்கும் முழியுமா இருக்கான்."

"கண்ணாடி போட்டிருக்கானேன்னு பாக்கியா? எங்க வீட்டு ஆளு கண்ணாடியே போடல, அவரு என்னத்தப் பாத்தாரு?"

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், அதே இடத்தில், அதே மாதிரி முழங்கால் போட்டு அவன் கேட்பது, அவள் சரி என்பது என்று கஸ்பார் தீர்மானம் செய்தார். "சரின்னு சொல்லியும் விழலைன்னா?" என்று யாரோ கேட்டதற்கு, "அங்கயே தாலியக் கட்டி வெச்சிருவோம், ரெண்டு வீடும் சம்மதம்னு பையன் சொல்லுதான்லா" என்றார். இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் தகவல் போனது. அவர்கள் வேன் பிடித்துக் கிளம்பினார்கள்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் பிலோமினா. மூன்றாம் நாள் ஒரு மதுரைக் குடும்பத்தை அலை முன்னால் நிறுத்திப் படமெடுத்து, வழக்கம்போல "ஆச்சு" என்று அவள் வாயெடுத்தாள். அலையின் விளிம்பு நடுங்கி, அந்தரத்தில் தொங்கிய நுரையில் ஒரு கொத்து சடசடவென்று உதிர்ந்தது. "போகலாம்" என்பதை அவள் விழுங்கினாள். அந்தப் பச்சை நிழலில் அப்போது அறுபது பேர் இருந்தார்கள். அதற்கப்புறம் அவள் படமெடுத்தவர்களெல்லாம் பல்லைக் காட்டியபடி விறைத்து நிற்க, இவள் கையை ஆட்டி ஆட்டி, கோழியை விரட்டுகிறமாதிரி விரட்டினாள். "ஏட்டி, தொண்ட கட்டிக்கிச்சா?" என்று கேட்டார் சகாயராஜ். தலையை மட்டும் ஆட்டினாள். நான்தான் நிறுத்தினேன் என்று சொன்னால் போட்டோகிராபர் அடையாள அட்டையைப் பிடுங்குவார்கள். நான்தான் விடுவிக்க வேண்டும் என்று சொன்னால், விழுகிற அலை என்னென்ன கொண்டுபோகிறதோ அத்தனைக்கும் காலத்துக்கும் அவள் பெயரைச் சொல்வார்கள். மேலும், யார் நம்புவார்கள்?

சனிக்கிழமை மத்தியானம் மடத்துக்குப் போனாள், கையில் மாங்காயோடு. கீர்த்தனா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில், யாரோ கொண்டுவந்து வைத்த சிவப்புப் பட்டுப்புடவை கிடந்தது.

"அன்னைக்கு மாங்கா வித்தது நீங்கதானேக்கா? கூடைக்குள்ள கேமரா வெச்சிருந்தீங்க. எனக்கு அப்பவே தெரியும். மாங்கா நடுவுல கறுப்பா ஒரு கண்ணு."

"தெரிஞ்சும் ஏன் பிள்ள ஒண்ணும் சொல்லல?"

"பாவம், அவன் ரொம்ப நாளா பிளான் பண்ணியிருப்பான்." மாங்காயைக் கையில் வைத்துச் சுற்றினாள். "அவனப் பிடிக்கும்க்கா. பிடிக்காம எல்லாம் இல்ல. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். இப்ப நான் யோசிக்கறதுக்கு ஒரு ஊரும் ஒரு கடலும் வெயிட் பண்ணுது. இப்படி யாராலக்கா யோசிக்க முடியும்? நாளைக்கு சரின்னு சொல்லிடறேன். விட்டாப் போதும்."

பிலோமினா பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக் காட்டினாள். பின்னால் அலை, முன்னால் அந்த முகம், அந்தக் கண்கள் ரோட்டில். கீர்த்தனா அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நாளைக்கு நான் வாய் திறக்கறவரைக்கும் நீ வாயத் திறக்காத" என்றாள் பிலோமினா. அவளுக்கே அவள் குரல் புதிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் முழுவதும் மணலில் இருந்தது. அலை மூன்றாள் உயரத்துக்கு வளர்ந்து, மாதா கோயில் மணியின் சத்தம் அதில் பட்டுத் திரும்பி வந்தது. கீர்த்தனா சிவப்புப் பட்டில் நின்றாள். தருண் முழங்காலிட்டான், ஒன்பது நாளில் இளைத்திருந்தான், மோதிரப் பெட்டி கையில் இருந்தது. இரண்டு வீட்டுக்காரர்களும் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்கள். கஸ்பாரின் சட்டைப் பையில் மஞ்சள் கயிறு தெரிந்தது.

பிலோமினா ஆரஞ்சு சட்டையை மாட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். ஊரிடம் ஓடுங்கள் என்றால் ஏன் என்பார்கள், ஏன் என்று சொன்னால் சிரிப்பார்கள், சிரித்து முடிப்பதற்குள் காரியம் கெட்டுவிடும். ஆனால் ஒன்று அவளுக்குத் திடமாகத் தெரியும். போட்டோகிராபர் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

"முதல்ல ஒரு குரூப் போட்டோ!" என்று கத்தினாள். "ஊரு முழுக்க வரணும், நாளைக்குப் பேப்பர்ல வரும். எல்லாரும் பின்னால போங்க!"

போனார்கள்.

"இன்னும் பின்னால. தலைவரே, உங்க தலை பாதிதான் தெரியுது. இன்னும் கொஞ்சம்."

வலைக்கொட்டகையைத் தாண்டிப் போனார்கள்.

"நாற்காலிய விட்டுட்டுப் போங்க மாமா, நாற்காலி அசிங்கமா தெரியுது. செலின் மைனி, கருவாட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க, பிரேமுக்குள்ள வருது. பொண்ணும் மாப்பிள்ளையும் கூடவே போங்க, நீங்க இல்லாம என்ன போட்டோ? இன்னும் பின்னால. பிரேமுக்குள்ள வரல."

முடியைச் சரிசெய்துகொண்டு, பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குட்டை ஆட்கள் முன்னால் நெட்டை ஆட்கள் பின்னால் என்று தங்களுக்குள்ளேயே அதட்டிக்கொண்டு, புன்னைத்துறை முழுவதும் முன்வரிசை வீடுகளைக் கடந்து, தென்னந்தோப்பைக் கடந்து, மேட்டில் இருந்த மாதா கோயிலின் கடைசிப் படிவரைக்கும் பின்னாலேயே நடந்து ஏறியது. அவர்களோடு கேமராவைப் பிடித்தபடி தோப்பைத் தாண்டி ஏறி வந்த பிலோமினா, முதல் படியில் காலை வைத்து, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கீர்த்தனா இவளையே பார்த்தாள். "அப்படியே நில்லுங்க, ஆடக் கூடாது" என்றாள் ஊரைப் பார்த்து. பட்டனை அழுத்தினாள். அப்புறம் கழுத்தைத் திருப்பி, தோள் வழியாகக் கடலைப் பார்த்து, கேட்க வேண்டியவருக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"ஆச்சு, போகலாம்."

அலை விழுந்தது. ஒன்பது நாள் பிடித்து வைத்த மூச்சை விட்டதுபோல ஒரு சத்தம். அது மணலைத் தாண்டி, வலைக்கொட்டகையைத் தாண்டி, முன்வரிசை வீடுகளின் வாசற்படிகளைக் கழுவி, தோப்பின் முதல் தென்னை வரைக்கும் வந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளையும் டீக்கடை பெஞ்சையும் தாசில்தாரின் போர்டையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது. ஓர் ஆள்கூட நனையவில்லை. கஸ்பாரின் ஒரு செருப்பு மட்டும் போனது, அதுவும் பின்வாங்கும்போது அவரே விட்டுவிட்டு வந்தது.

"பொண்ணு இன்னும் சரின்னு சொல்லவே இல்லியே" என்றான் வலைக்காரன் ஒருத்தன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கீர்த்தனா சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் முட்ட, முதல் நாள் மாங்காயைக் கடித்தபோது இருந்த அதே முகம். "தருண், நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அவன் மோதிரப் பெட்டியை மூடினான். பட்டென்று அது மூடிய சத்தம் படிக்கட்டு முழுவதும் கேட்டது, வேறெதுவும் விழவோ நிற்கவோ இல்லை. "சரி" என்றான். சத்தமாக மூச்சு விட்டான். "சரி. யோசி."

அன்று மத்தியானம் ஊர் எல்லையில் நாற்காலி இல்லை, நாற்காலிகள் கடலில் இருந்தன. இருவரும் ஒரே காரில் போனார்கள். என்ன பேசிக்கொண்டு போனார்கள் என்று புன்னைத்துறைக்கு இன்றுவரை தெரியாது. கஸ்பார் மட்டும் பிலோமினாவை ஒரு மாதிரியாகப் பார்த்து, "நீ சொன்னதும் விழுந்துச்சே" என்றார். அவள் அலையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். "போகுது விடு, அடுத்த தடவ பாத்துச் சொல்லு" என்றார் அவர், ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டே.

பயம் போகவில்லை. வாயிலிருந்து வந்த சொல் கடலையே நிறுத்தும் என்றால், வேறு என்னென்ன எங்கெங்கே நின்றுகொண்டிருக்கிறதோ! அன்று முதல் அவள் யாரையும் நில்லுங்கள் என்று சொல்வதை விட்டாள். "நடங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்கிறாள். அவள் படங்களில் எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார்கள், அது ஒரு ஸ்டைல் என்று வெளியூர்க்காரர்கள் தேடி வருகிறார்கள்.

ஆனாலும் ஒன்று பாக்கி இருந்தது. டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் பதினைந்து வயது பிலோமினா, பள்ளிக்கூடத்தில் மத்தியானப் பரீட்சை இருக்க, அக்காளின் தாவணியில், ஒரு மர நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தூத்துக்குடி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த படம். எடுக்க வந்தவன் சகாயராஜ், இருபத்திரண்டு வயசு. "அப்படியே நில்லு" என்றான், எடுத்தான், பார்த்த பார்வையில் சொல்ல வேண்டிய மற்றதை மறந்தே போனான். படத்தைத் தூத்துக்குடிக்கு அனுப்பாமல் தன் வீட்டு ஆட்களைப் பெண் கேட்க அனுப்பினான். வீட்டில் எல்லோரும் பேசினார்கள், எல்லோருக்கும் சம்மதம். படத்தில் அந்தப் பெண்ணின் கண்கள், எடுக்கிறவனின் தலைக்கு மேலே, பள்ளிக்கூடத்து ரோட்டைப் பார்க்கின்றன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு பிலோமினா வேலைகளை முடித்தாள். கேஸை மூடினாள். கோழிகளைச் செலின் வீட்டுக்கு ஓட்டிவிட்டாள். கண்ணாடிச் சாமான்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சகாயராஜை எழுப்பி, வீட்டுக்கு எதிரே இருந்த கோயில் படியில் போய் உட்காரச் சொன்னாள்.

"ஏட்டி, என்ன செய்யப் போற?"

"ஒண்ணுமில்ல. போங்க."

அவர் தடவித் தடவிப் போய் முதல் படியில் உட்கார்ந்தார். அவள் நடு வீட்டில் நின்று படத்தை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே வைத்துச் சொன்னாள்: "ஆச்சு பிள்ள, போகலாம்."

கூரை விழவில்லை. சுவர் நடுங்கவில்லை. அவளுடைய கால்கள் மட்டும் வலித்தன, முப்பத்திரண்டு வருஷம் நின்றவளுக்கு வலிப்பதுபோல, குதிகாலிலிருந்து இடுப்பு வரைக்கும். அவள் சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்து, தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் வாசல்வரைக்கும் நீட்டிக்கொண்டாள்.

"வரலாமாட்டி?" என்று படியிலிருந்து சகாயராஜ் கேட்டார்.

அவள் காலை மடக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பின்னால போங்க" என்றாள். "பிரேமுக்குள்ள வருதிய."